ரூட்டுக்கு வந்த 217 கடிதங்கள்

"தம்பி, டிவில அப்பா போட்டோ ஒண்ணையும் காணோம்டா" என்று அம்மா வந்து எழுப்பியபோது மணி ஐந்தே முக்கால். காபியும் கையுமாக உட்கார்ந்து டிவியில் பழைய போட்டோக்களை ஓடவிட்டுப் பார்ப்பது அம்மாவின் காலைப் பழக்கம். அப்பா யாஷிகா கேமராவில் எடுத்த நெகட்டிவ்கள், அக்காவின் கல்யாண ஆல்பம், குலதெய்வக் கோயிலில் யார் யாருக்கோ மொட்டை போட்ட படங்கள், எல்லாவற்றையும் இரண்டு வருடம் உட்கார்ந்து ஸ்கேன் செய்தவன் நான். அவை இருப்பது ஹாலின் மூலையில், அம்மாவின் பழைய தையல் மிஷின் மேல் உட்கார்ந்திருக்கும் ஒரு கம்ப்யூட்டரில். வீட்டு நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பொதுவான சேமிப்புப் பெட்டி; விவரம் தெரிந்தவர்கள் அதை நாஸ் என்பார்கள். அம்மாவுக்கு அது பொட்டி.

பொட்டியின் ஜாதகம் எளியது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய, ஏதோ ஓர் அலுவலகம் கழித்துவிட்ட டெஸ்க்டாப். எட்டு ஜிபி ராம். சிஸ்டத்துக்கு ஒரு சின்ன எஸ்எஸ்டி. டேட்டாவுக்கு நாலு டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது இன்னொன்றிலும் அப்படியே விழும்படி, டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் என்ற மென்பொருளில் ஜோடி சேர்த்தது. பேக்கப்புக்கு யூஎஸ்பியில் தொங்கும் இன்னொரு நாலு டிபி. எல்லாவற்றுக்கும் மேலே, விண்டோஸுக்குப் பதிலாக, டெபியன் லினக்ஸ். கடையில் ரெடிமேடாகக் கிடைக்கும் நாஸ் வாங்கியிருந்தால் இதையெல்லாம் எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது. நிம்மதியாக இருந்திருப்பேன், கொஞ்சம் போரடித்திருக்கும்.

லேப்டாப்பைத் திறந்து உள்ளே போனேன். போட்டோக்கள் இருக்க வேண்டிய கோப்புறை காலி. கோப்புறை இருக்கிறது, உள்ளே ஒன்றுமில்லை. டிஸ்க்குகளின் நிலவரத்தைக் கேட்டால், அவற்றைப் படிக்கவைக்கும் இசட்எஃப்எஸ் மாட்யூலே ஏறவில்லை என்று பதில் வந்தது. மிச்சமிருந்த தூக்கமும் அப்போது போனது.

நடந்ததைக் கோத்துப் பார்க்க அரை மணி நேரம் பிடித்தது. பாதுகாப்பு அப்டேட்டுகள் தானாகவே ஏறட்டும் என்று வைத்திருந்தேன். அது இரண்டு வாரம் முன்பே ஒரு புதிய கர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, இறக்கி வைத்திருக்கிறது. ரீபூட் ஆனால்தான் புதுக் கர்னல் எழும். நான் ரீபூட் செய்யவில்லை. இசட்எஃப்எஸ் லினக்ஸ் கர்னலுக்குள்ளேயே வரும் சரக்கு கிடையாது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005-ல் அதன் மூலநிரலை வெளியிட்டபோது போட்ட உரிமமும் லினக்ஸின் உரிமமும் ஒத்துப்போகாது என்பதால், டெபியன் அதைத் தனியாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு புதுக் கர்னலுக்கும் அது நம் மெஷினிலேயே மறுபடி கம்பைல் ஆக வேண்டும். அதற்கு அந்தக் கர்னலின் உள்ளமைப்பைச் சொல்லும் ஹெடர் ஃபைல்கள் வேண்டும். நானோ முதல் நாள் அன்றைய கர்னலுக்கான ஹெடரை மட்டும் போட்டுவிட்டு, கர்னல் மாறும்போதெல்லாம் கூடவே மாறும் பொதுப் பேக்கேஜைப் போடாமல் விட்டிருந்தேன். ராத்திரி ஒரு மணிக்கு கரண்ட் போய் வந்தது. பொட்டி புதுக் கர்னலில் எழுந்தது. டிஸ்க்குகள் அதன் கண்ணுக்குத் தெரியவில்லை; அவை வந்து ஒட்டிக்கொள்ள வேண்டிய கோப்புறை மட்டும் காலியாக நின்றது. சரி, அதுவரை எதுவும் கெட்டுப்போகவில்லை.

இரண்டு மணிக்கு பேக்கப் ஓடியது.

பேக்கப்புக்கு நான் வைத்திருந்தது ஆர்சிங்க். ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கராஸ் இருவரும் 1996-ல் வெளியிட்ட கருவி. இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தை மட்டும் நகலெடுக்கும். இன்றைக்கும் அதற்கு நிகராக ஒன்றைச் சொல்வது கஷ்டம். அதில் டெலீட் என்று ஒரு சுவிட்ச் உண்டு. இந்தப் பக்கம் அழித்த ஃபைல் அந்தப் பக்கமும் அழிய வேண்டும், குப்பை சேரக்கூடாது என்பதற்காக. அன்று ராத்திரி இந்தப் பக்கம் காலி. ஆர்சிங்க் என்ன செய்யும்? எஜமான் எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்து, அந்தப் பக்கத்தையும் கூட்டிப் பெருக்கித் துடைத்து வைத்தது. டிஸ்க்கைப் படிக்கும்போது பிழை வந்தால் அழிப்பதை நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு அதற்குப் புத்தி உண்டு. காலிக் கோப்புறையில் என்ன பிழை? அழகாகப் படித்தது, அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்துகொண்டது, அவ்வளவுதான்.

ஹெடரைப் போட்டு, மாட்யூலைக் கம்பைல் செய்து, டிஸ்க் ஜோடியை இம்போர்ட் செய்ய இருபது நிமிடம். அம்மாவின் இரண்டாவது காபிக்குள் அப்பா டிவிக்குத் திரும்பிவிட்டார். "கரண்ட் போனா இப்படித்தான் ஆகுமா?" என்றாள். ஆமாம் என்றேன். பேக்கப் டிஸ்க்கைத் திறந்து பார்த்தது அதற்குப் பிறகுதான்.

அதன் பிறகு 1.6 டிபியையும் மறுபடி நகலெடுத்து முடிக்கிற வரை, ஏழு மணி நேரம், அந்தப் போட்டோக்களுக்கு உலகத்தில் இருந்த ஒரே இடம் அந்த டிஸ்க் ஜோடி. இரண்டு டிஸ்க் இருக்கிறதே என்று கேட்கலாம். ஜோடி என்பது ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் ஓடுவதற்கு. தவறாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். அன்று மத்தியானம் நான் சாப்பிடப் போகும்போதுகூட அந்த அறையில் மெதுவாகத்தான் நடந்தேன்.

காத்திருந்த நேரத்தில் லாக் ஃபைல்களைத் துழாவிக்கொண்டிருந்தேன். லினக்ஸில் ஒரு பழைய வழக்கம்: அட்டவணைப்படி ஓடும் வேலை ஏதாவது சொன்னால், அந்த அட்டவணையைப் பார்த்துக்கொள்ளும் க்ரான் அதை அந்த மெஷினுக்குள்ளேயே ரூட் என்ற தலைமைப் பயனருக்குக் கடிதமாகப் போட்டுவைக்கும். வெளியே எங்கும் போகாது, உள்ளேயே ஒரு ஃபைலில் விழும். அந்த ஃபைலை நான் திறந்ததே இல்லை. திறந்தேன். 217 கடிதங்கள்.

கடைசிக் கடிதம் அன்று அதிகாலை இரண்டு மணி நாலு நிமிடத்துக்கு வந்தது. நகலான ஃபைல்கள்: 0. அழிக்கப்பட்ட ஃபைல்கள்: 62,418. பிழை: இல்லை. பொட்டி சொல்ல வேண்டியதைச் சொல்லியிருக்கிறது, எண்ணோடு, நேரத்தோடு. மற்ற கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே அச்சு. இன்று பன்னிரண்டு ஃபைல் நகலானது, இன்று மூன்று. அவற்றுக்கு நடுவில், மூன்று மாதம் முன்பு வந்த ஒன்று வேறு மாதிரி இருந்தது. இரண்டாவது டிஸ்க்கில் படிக்க முடியாத செக்டர், அதாவது ஒரு சின்னத் துண்டு, இருக்கிறது என்று எழுதியிருந்தது. அதாவது, ஒரே பிரதி என்று நான் நம்பி உட்கார்ந்திருந்த ஜோடியில் ஒருத்தருக்கு மூன்று மாதமாக உடம்பு சரியில்லை.

இந்த இடத்தில் எனக்கு, நிரலாளர்கள் தங்கள் நிரல்களைப் போட்டுவைக்கும் கிட்லாப் என்ற இணையதளத்தின் கதை ஞாபகம் வந்தது. 2017 ஜனவரி 31 அன்று அங்கே ஒரு பொறியாளர் அசதியில் தவறான டேட்டாபேஸ் சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுமார் 300 ஜிபியில் நாலரை ஜிபிதான் மிஞ்சியது. பேக்கப்பை எடுக்கப் போனால், தினமும் ஓடியதாக நினைத்த பேக்கப் நாள்கணக்கில் ஓடவே இல்லை. டேட்டாபேஸின் பதிப்பு 9.6, பேக்கப் கருவியின் பதிப்பு 9.2. பதிப்பு பொருந்தாததால் கருவி ஒவ்வொரு நாளும் தோற்றது, தோற்றதைச் சொல்ல ஒவ்வொரு நாளும் மெயிலும் அனுப்பியது. அந்த மெயில்கள் முறையாகக் கையொப்பமிடப்படாதவை என்று பெறும் பக்கம் திருப்பி அனுப்பிவிட்டது. யாருக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில், வேறு வேலைக்காக ஒருவர் ஆறு மணி நேரம் முன்பு கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் காப்பாற்றியது. இதையெல்லாம் அவர்களே ஒளிவுமறைவில்லாமல் எழுதி வெளியிட்டார்கள்; அதைப் படித்தபோது நான் சிரித்திருக்கிறேன். சிரித்தவன் வீட்டில் 217 கடிதங்கள்.

பொட்டியில் எல்லாம் தானாக ஓடத் தொடங்குவதற்கு முன்பு நான் எல்லாவற்றையும் கையாலேயே பார்த்த காலமும் உண்டு. மாதத்தின் முதல் ஞாயிறு டிஸ்க் சோதனை, பேக்கப் சரிபார்ப்பு, அப்டேட் என்று நாற்பது பக்க நோட்டு ஒன்றில் கட்டம் போட்டு வைத்தேன். ஜனவரியில் டிக். பிப்ரவரியில் டிக். மார்ச்சில் நண்பனுக்குக் கல்யாணம். நோட்டின் மீதிப் பக்கங்களில் இப்போது பால் கணக்கு இருக்கிறது. ஆக, தானாக ஓடாவிட்டால் என் வீட்டில் எதுவும் ஓடாது. தானாக ஓடினாலோ, ஓடுகிறது என்ற நம்பிக்கையில் நான் திரும்பிப் பார்ப்பதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதாவது செய்தாக வேண்டும்.

முதல் காரியமாக ஒரு காவல் வைத்தேன். மூல டிஸ்க்கிலும் பேக்கப் டிஸ்க்கிலும் உள்ளே ஆளுக்கொரு சின்ன அடையாள ஃபைல். ஸ்கிரிப்ட் வேலையைத் தொடங்குவதற்கு முன் இரண்டு ஃபைலும் இருக்கின்றனவா என்று பார்க்கும். டிஸ்க் ஏறவில்லை என்றால் அடையாள ஃபைலும் இருக்காது. அங்கேயே கூச்சல் போட்டு நின்றுவிடும். அப்புறம், ஆர்சிங்க்கையே பேக்கப்பிலிருந்து எடுத்துவிட்டு ரெஸ்டிக் என்ற இன்னொரு பேக்கப் கருவிக்கு மாறினேன். ஆர்சிங்க் நேற்றைய நிலையை இன்றைய நிலையால் மூடிவிடும். ரெஸ்டிக் ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளும், மாறாத பகுதிகளை இரண்டாம் முறை சேமிக்காது, எல்லாவற்றையும் பூட்டியும் வைக்கும். இன்று காலியைப் பேக்கப் எடுத்தாலும் நேற்றையது இருக்கும். கூடவே இசட்எஃப்எஸ்ஸிலேயே மணிக்கு ஒரு ஸ்னாப்ஷாட், அதாவது அந்த நொடியின் நிலையை அப்படியே பிடித்து வைப்பது. அது சாயங்காலம் நானே தவறாக அழித்ததை ராத்திரிக்குள் மீட்பதற்கு. அதை அமைப்பது பத்து நிமிட வேலை, பலன் அதிகம். இதைப் படிப்பவர்கள் வேறு எதுவும் செய்யாவிட்டாலும் இதைச் செய்துவிடுங்கள்.

டிஸ்க் சோதனையில் ஒரு கூத்து நடந்தது. டெபியனில் இசட்எஃப்எஸ் போட்டால், மாதத்தின் இரண்டாவது ஞாயிறு பிறந்ததும், ராத்திரி பன்னிரண்டு இருபத்து நாலுக்கு, ஸ்க்ரப் என்ற முழுச் சோதனை தானாகவே ஓடும்படி அவர்களே வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் படித்து, அதன் செக்சம், அதாவது உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண், பழைய கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒத்துப்போகாவிட்டால் ஜோடி டிஸ்க்கிலிருந்து எடுத்துச் சரிசெய்யும். நான் அதே பாணியில், டிஸ்க்கின் சொந்த நீண்ட சோதனையை முதல் ஞாயிறு ஓட்டலாம் என்று க்ரானில் தேதி 1 முதல் 7, கிழமை ஞாயிறு என்று எழுதினேன். யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். க்ரானோ தேதியும் கிழமையும் இரண்டும் கொடுத்தால் இரண்டும் பொருந்த வேண்டும் என்று எடுத்துக்கொள்ளாது. ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும் அதற்கு. என் டிஸ்க்குகள் மாதத்தின் முதல் ஏழு நாளும், அதற்குப் பிறகு வந்த எல்லா ஞாயிறும் எட்டு மணி நேரச் சோதனையில் உழன்றன. மதுரையில், மே மாதத்தில். அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்: "பொட்டி மேல கை வைக்க முடியலடா, தோசை ஊத்தலாம் போலிருக்கு." டிஸ்க்கைக் கேட்டால் 51 டிகிரி என்றது. டெபியன்காரர்களின் ஃபைலைத் திறந்து பார்த்த பிறகுதான் தெரிந்தது: அவர்கள் தேதியை மட்டும் க்ரானில் கொடுத்துவிட்டு, இன்று ஞாயிறா என்பதைக் கட்டளைக்குள் தனியாகக் கேட்கிறார்கள். ஏன் இப்படிச் சுற்றி வளைத்து எழுதியிருக்கிறார்கள் என்று ஒருகாலத்தில் நான் கிண்டல் செய்த வரி அது.

இப்போது எல்லா வேலைகளையும் க்ரானிலிருந்து லினக்ஸின் இன்னோர் அட்டவணைக்காரனான சிஸ்டம்டி டைமருக்கு மாற்றிவிட்டேன். அதற்கு ஒரே காரணம், இரண்டு மணிக்குக் கரண்ட் இல்லாமல் பொட்டி அணைந்திருந்தால் க்ரான் அந்த வேலையை மறந்துவிடும். டைமரில் ஒரு வரி சேர்த்தால், தவறிய வேலையைப் பொட்டி எழுந்ததும் முடித்துவிடும். கரண்ட் போகாத ஊர்க்காரர்களுக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது.

நோய் பிடித்த டிஸ்க்கை மாற்றினேன். டிஸ்க்குகள் தம் உடல்நிலையைத் தாமே குறித்துவைக்கும் ஸ்மார்ட் கணக்கில் இருபது முப்பது எண்கள் இருக்கும். நான் பார்ப்பது நாலைத்தான்: 5, 197, 198, 199. முதல் மூன்றும் டிஸ்க்கின் மேற்பரப்பு கெடுகிறதா என்று சொல்லும்; பூஜ்யமாக இருக்க வேண்டியது பூஜ்யத்தைத் தாண்டினால் பர்ஸைத் தேட வேண்டும். 199 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கின் தவறில்லை, கேபிள். எனக்கு ஒருமுறை அது ஏறியது. பொட்டியைத் தூசி தட்டும்போது கேபிள் தளர்ந்திருந்தது. ஆனால் இந்த எண்களை முழுசாக நம்பவும் முடியாது. கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான ஸ்மார்ட் எண்கள் எதிலும் ஓர் அசைவும் காட்டாமலேயே போயிருக்கின்றன. நேற்று வரை கல்லுக்குண்டு மாதிரி இருந்தார் என்போமே, அந்த வகை.

சரி, யாரிடம் சொல்வது? இதுதான் நான் அதிக நாள் யோசித்த கேள்வி. முதலில் டெலிகிராமில் ஒரு பாட் வைத்து எல்லா வேலையும் முடிந்ததும் செய்தி அனுப்பச் சொன்னேன். பத்து நாள் ஆசையாகப் படித்தேன். பதினோராம் நாளிலிருந்து குட் மார்னிங் படங்களோடு சேர்த்து அதையும் தள்ளிவிட்டேன். ரூட்டின் தபால்பெட்டி என் போனுக்குக் குடிவந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். சரி, தோற்றால் மட்டும் சொல் என்று மாற்றினேன். அப்போது வேறு சிக்கல். மூன்று நாளாகச் செய்தி இல்லை என்றால் எல்லாம் நலமா, அல்லது சொல்வதற்கே ஆள் இல்லையா? பொட்டியே அணைந்து கிடந்தால் யார் செய்தி அனுப்புவது?

எங்கள் தெருவில் ஒரு கூர்க்கா உண்டு. ராத்திரி ஒரு மணிவாக்கில் விசில் ஊதிக்கொண்டு போவார். தூக்கத்தில் அது காதில் விழுந்ததாகவே நினைவிருக்காது. அவர் ஊருக்குப் போன வாரம்தான் தெரு முழுக்கத் தூக்கமில்லாமல் கிடந்தது. பொட்டிக்கும் அந்த ஏற்பாடுதான் வேண்டும்: விசிலை யாரும் கவனிக்க வேண்டாம், விசில் வராவிட்டால் மட்டும் ஒருவர் கதவைத் தட்ட வேண்டும். ஹெல்த்செக்ஸ் என்று ஒரு சேவை இதைச் செய்கிறது. ஒவ்வொரு வேலையும் நல்லபடி முடிந்ததும் அதன் முகவரியை ஒருமுறை தட்டிவிட்டுப் போகும். சொன்ன நேரத்துக்குள் தட்டல் வராவிட்டால் அது எனக்கு டெலிகிராமில் சொல்லும். அது வீட்டுக்கு வெளியே எங்கோ ஓடுகிறது என்பது முக்கியம். காவல்காரனையும் அதே பொட்டிக்குள் படுக்க வைத்தால், பொட்டி அணையும்போது அவனும் சேர்ந்து அணைவான்.

இது வந்த பிறகு பிடிபட்ட முதல் திருட்டு, கரண்ட் சம்பந்தப்பட்டது. வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அதன் பின்பக்கம் நார்மல், யூபிஎஸ் என்று ஒரு குட்டி சுவிட்ச் இருப்பதும், அது நார்மலில் இருந்தால் கரண்ட் மாறும் இடைவெளியில் கம்ப்யூட்டர் அணைந்து எழலாம் என்பதும் எனக்கு நாலு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அதை மாற்றினேன், தனியாக, யூஎஸ்பி வழியாகப் பொட்டியோடு பேசத் தெரிந்த ஒரு யூபிஎஸ்ஸும் வாங்கினேன். பேசத் தெரிந்தது என்று பார்த்து வாங்குங்கள். மலிவான பலவற்றுக்கு வாயில்லை. பேட்டரி தீரப்போகிறது என்று யூபிஎஸ் சொன்னால் நட் என்ற மென்பொருள் பொட்டியை ஒழுங்காக அணைக்கும். மாதாந்திரப் பராமரிப்புக்குக் காலை ஒன்பது மணிக்குக் கரண்டை எடுக்கிற ஒரு நாள், இன்வெர்ட்டர் தீர்ந்து, யூபிஎஸ்ஸும் தீரும் தறுவாயில் பொட்டி முறைப்படி அணைந்தது. அடுத்த நிமிடமே கரண்ட் வந்துவிட்டது. கரண்ட் போய் வந்தால் தானாக எழு என்று பொட்டியில் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் பொட்டியைப் பொறுத்தவரை கரண்ட் போகவே இல்லையே, யூபிஎஸ் கொடுத்துக்கொண்டுதானே இருந்தது. அது பாட்டுக்கு அணைந்தே கிடந்தது. நான் வெளியூரில். மறுநாள் மத்தியானம் செய்தி வந்தது: நேற்று ராத்திரி பேக்கப் தட்டல் வரவில்லை. அம்மாவுக்குப் போன் செய்து, முன்பக்கம் இருக்கும் வட்டப் பொத்தானை ஒரே ஒரு தரம் அமுக்கச் சொன்னேன். "ரெண்டு தரம் அமுக்கிட்டேன், பரவால்லையா?" அணைந்த பொட்டியை எழுப்பி, உடனே மறுபடி அணைத்திருக்கிறாள். மூன்றாவது தரம் அமுக்கச் சொன்னேன்.

அணையும்போது யூபிஎஸ்ஸையும் சேர்த்து வெட்டி, பிறகு கரண்டைத் திருப்பிக் கொடுக்கும்படி நட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது. இப்போது போட்டிருக்கிறேன்.

இவ்வளவையும் கையால் அமைத்தால் ஆறு மாதத்தில் எதை எங்கே மாற்றினேன் என்று எனக்கே தெரியாது. அதனால் எல்லா அமைப்பையும் ஆன்சிபிள் என்ற கருவியில் எழுதிவிட்டேன். இதைச் செய், அதைச் செய் என்று எழுதாமல், பொட்டி இப்படி இருக்க வேண்டும் என்று எழுதுவது அதன் பாணி. ஏற்கெனவே அப்படி இருந்தால் தொடாது, இல்லாவிட்டால் சரிசெய்யும். அந்தப் பொது ஹெடர் பேக்கேஜ் அதில் முதல் வரி. சிஸ்டம் இருந்த எஸ்எஸ்டி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போனபோது, புது எஸ்எஸ்டியில் டெபியனைப் போட்டு, ஆன்சிபிளை ஓட்டி, டிஸ்க் ஜோடியை இம்போர்ட் செய்து முடிக்க ஒன்றரை மணி நேரம்தான் ஆனது. முதல்முறை அதே வேலைக்கு மூன்று வாரக் கடைசிகள் போயிருந்தன.

இரண்டாவது பேக்கப் திருச்சியில், அக்கா வீட்டில். ராஸ்பெரி பை என்ற கையகலக் கம்ப்யூட்டர் ஒன்றும் ஒரு டிஸ்க்கும். முதல் பிரதியை இணையத்தில் அனுப்பினால் என் இணைப்பின் வேகத்துக்கு மூன்று நாள் ஆகும் என்று கணக்குச் சொன்னது. மாட்டுத்தாவணியில் பஸ் ஏறி, டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். அங்கே இருக்கும் ரெஸ்டிக் சர்வரில் சேர்க்க மட்டும்தான் முடியும், என் பொட்டியிலிருந்து எதையும் அழிக்க முடியாது. என் பொட்டிக்குள் நாளை எவனாவது புகுந்து எல்லாவற்றையும் பூட்டினாலும் அக்கா வீட்டுப் பிரதியைத் தொட முடியாது. பழைய பிரதிகளைக் கழித்துக்கட்டுவதை மாதம் ஒருமுறை நானே உட்கார்ந்து கையால்தான் செய்கிறேன். எல்லாவற்றையும் தானாக ஓடவிட்டவன், அழிப்பதை மட்டும் விடவில்லை. அந்த 62,418-ஐ மறக்க முடியவில்லை.

பேக்கப் உண்மையில் திரும்பி வருமா என்று சோதிக்கவும் ஒன்று எழுதினேன். ஞாயிறுதோறும் பேக்கப்பிலிருந்து இருபது ஃபைலைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து மீட்டு, மூலத்தோடு ஒப்பிட வேண்டும். ஏழு வாரம் வெற்றி, வெற்றி என்று தட்டிக்கொண்டிருந்தது. எட்டாவது வாரம் ஏதோ சந்தேகத்தில் உள்ளே பார்த்தேன். கோப்புறை பெயரில் ஓர் எழுத்துப் பிழை. ஃபைல் பட்டியலே காலி. வாராவாரம் பூஜ்யம் ஃபைலை எடுத்து, பூஜ்யம் ஃபைலோடு ஒப்பிட்டு, பூஜ்யம் வித்தியாசம் என்று சந்தோஷமாக அறிவித்திருக்கிறது. ஒரு வருடம் முன்பு ஆர்சிங்க் செய்ததும் இதே தப்புதான். இந்த முறை எழுதியவன் நான். இப்போது அந்த ஸ்கிரிப்டில் இருபதுக்குக் குறைவாக ஒப்பிட்டால் தோல்வி. மற்ற ஸ்கிரிப்டுகளிலும் போய் ஒரே கேள்வியைச் சேர்த்தேன்: எத்தனை பார்த்தாய்?

மிச்சமிருந்தது பாஸ்வேர்ட். ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டி வைக்கிறது. சாவி என் தலையிலும் பொட்டியிலும் மட்டும் இருந்தது. இரண்டுக்கும் ஒரே நாளில் ஏதாவது ஆகிவிட்டால்? அம்மா முன்னால் இப்படியெல்லாம் பேச முடியாது. பாஸ்வேர்டையும், போட்டோக்களை எப்படி மீட்பது என்பதையும் ஒரு பக்கத்துக்குத் தமிழில் கையால் எழுதி இரண்டு பிரதி எடுத்தேன். ஒன்று அம்மாவின் பீரோவில், ரேஷன் கார்டு உறைக்குள். இன்னொன்று அக்காவிடம். போன மாதம் அக்காவிடம் ஒரு பரீட்சை வைத்தேன். நான் வாயைத் திறக்க மாட்டேன், காகிதத்தைப் பார்த்து ஒரே ஒரு போட்டோவை மீட்டுக் காட்டு.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன் வந்தது. மூன்றாவது படி வரை வந்துவிட்டாள். பாஸ்வேர்ட் தப்பு என்கிறதாம், நாலு தரம்.

"டேய், ஏழாவது எழுத்து என்னடா? பூஜ்யமா, இங்கிலீஷ் ஓவா?"

"என்கிட்ட கேக்கக் கூடாதுக்கா."

"உன் கையெழுத்த உன்கிட்ட கேக்காம வேற யார்கிட்டடா கேக்குறது?"

பூஜ்யம் என்றேன். இரண்டு நிமிடம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பாவாடை சட்டையில் அக்கா, அவள் இடுப்பில் நான், பின்னால் பாதி வெட்டுப்பட்ட எங்கள் பழைய வீட்டு வாசல். அடுத்த பஸ்ஸில் போகும்போது கொடுக்கலாம் என்று புதுக் காகிதம் எழுதி வைத்திருக்கிறேன். ரேஷன் கார்டு உறையில் இருந்ததையும் மாற்றிவிட்டேன். இரண்டிலும் பூஜ்யத்துக்குக் குறுக்கே ஒரு கோடு.